விழுந்த ராக்கெட்டையும் கரும்பலகையில் எழுதுவோம்

(தேசிய விண்வெளி நாளையொட்டி, வட்டார அளவிலான அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இந்திய விண்வெளித் திட்டத்தின் மைல்கற்கள்' என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று சொன்னார்கள். இது நம் எல்லோருக்கும் தெரிந்த தலைப்புதான். ஆகஸ்ட் 23 வந்தால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவர் ஒரு தாளை வாசிப்பார். 1975 ஆரியபட்டா, 1980 எஸ்.எல்.வி-3, 2008 சந்திரயான், 2014 மங்கள்யான், 2023 சந்திரயான்-3. கைதட்டுவோம், வகுப்புக்குப் போவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். அந்தப் பட்டியலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதில் விடுபட்டது என்ன என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் மாணவி ஒருத்தி. அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019 செப்டம்பர் 7, சனிக்கிழமை அதிகாலை. சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்குகலம் நிலவில் இறங்க வேண்டிய நேரம். நான் அப்போது எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். முந்தைய நாளே வகுப்புச் சுவரில் பெரிய சார்ட் ஒட்டி, பிள்ளைகளைக் கொண்டு நிலவு, கலம், தேசியக் கொடி எல்லாம் வரையச் செய்திருந்தோம். நிலவின் தரையிலிருந்து 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரியாக இருந்தது என்றும், பிறகு தொடர்பு அறுந்துபோனது என்றும் விடிந்ததும் செய்தி வந்தது.

திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் நுழைந்ததும் முன்வரிசைப் பெண் கேட்டாள்: "டீச்சர், அது பெயில் ஆயிடுச்சுங்களா?"

எனக்கும் வருத்தம். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "சரி விடு, பாடத்தைப் பார்ப்போம். காலாண்டுத் தேர்வு வருது" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே அந்தச் சார்ட்டைக் கழற்றிச் சுருட்டி பீரோ மேல் வைத்துவிட்டேன்.

இதை நான் மறந்தே போனேன். மூன்று ஆண்டுகள் கழித்து 2022இல் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. அந்தப் பெண் கணிதத்தில் தேர்ச்சி பெறவில்லை. மதிப்பெண் பட்டியல் வாங்கவும் வரவில்லை. துணைத் தேர்வுக்கும் விண்ணப்பிக்கவில்லை. பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டப் போகிறாள் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் எங்கள் கணித ஆசிரியரும் அவள் வீட்டுக்குப் போனோம். அப்பா மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்க டீச்சர், பெயிலான புள்ளைக்கு மறுபடியும் எதுக்குங்க? வேலைக்குப் போனா வாரத்துக்குச் சம்பளம் வருதுங்க" என்றார். நான் வழக்கமான அறிவுரையை ஆரம்பித்தேன். தோல்விதான் வெற்றியின் முதல் படி என்றெல்லாம். அவள் தலையைக் குனிந்தபடியே மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு ராக்கெட் பெயிலானப்ப நீங்க சார்ட்டைக் கழட்டிட்டீங்கல்லங்க டீச்சர்."

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. பெயிலானால் கழற்றிவிடுவார்கள் என்பதை அவள் ஒரு பாடமாகவே கற்றுக்கொண்டிருந்தாள். அந்தப் பாடத்தை நடத்தியது நான்தான்.

வீட்டுக்கு வந்து, நம் விண்வெளித் திட்டத்தின் வரலாற்றை மறுபடியும் எடுத்துப் படித்தேன். இம்முறை வெற்றிகளை விட்டுவிட்டு, விழுந்தவற்றை மட்டும் தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

தொடக்கம் திருவனந்தபுரத்துக்கு அருகில் தும்பா என்ற மீனவக் கிராமம். புவியின் காந்த நடுக்கோடு அதை ஒட்டிச் செல்வதால், மேல் வளிமண்டலத்தை ஆராய ஏற்ற இடம் என்று விக்ரம் சாராபாய் குழுவினர் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்த மக்கள் தங்கள் தேவாலயத்தையும் வீடுகளையும் நாட்டுக்காக விட்டுக்கொடுத்தார்கள். அந்தத் தேவாலயம்தான் விஞ்ஞானிகளின் முதல் அலுவலகம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அது அமெரிக்காவில் செய்யப்பட்ட நைக்-அப்பாச்சி. ராக்கெட்டின் பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1969 ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரோ உருவானது.

1975 ஏப்ரல் 19 அன்று, பெங்களூரு பீனியாவில் தொழிற்கூடக் கொட்டகைகளில் உருவான 360 கிலோ எடையுள்ள ஆரியபட்டா, சோவியத் ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது. இதுவரை எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறோம். அடுத்ததைச் சொல்வதில்லை. சில நாட்களிலேயே மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு, அதிலிருந்த அறிவியல் சோதனைகளை நிறுத்த வேண்டி வந்தது. அதனால் ஆரியபட்டா தோல்வியா? இல்லை. செயற்கைக்கோளை வடிவமைப்பது, சோதிப்பது, தரையிலிருந்து கட்டுப்படுத்துவது எல்லாவற்றையும் நம்மவர்கள் அதில்தான் கற்றார்கள். ஒரே முயற்சியில் ஒரு பகுதி தவறும், ஒரு பகுதி நிறைவேறும். விடைத்தாள் திருத்தும் நமக்கு இது புரியாததல்ல.

அதே 1975 ஆகஸ்டில் தொடங்கிய ஒரு திட்டத்தை ஆசிரியர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டு பயன்படுத்தி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. 'சைட்' என்பது அதன் சுருக்கப் பெயர். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் வேளாண்மை, உடல்நலம் பற்றிப் பெரியவர்களுக்கு. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான அறிவியல் பயிற்சியும் அதில் இருந்தது. பின்னாளில் 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்காகவே எஜுசாட் ஏவப்பட்டது. ஆக, நம் விண்வெளித் திட்டம் தொடக்க காலத்திலிருந்தே வகுப்பறையை நினைவில் வைத்திருக்கிறது.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். 1979 ஆகஸ்ட் 10. நாமே வடிவமைத்த எஸ்.எல்.வி-3இன் முதல் பயணம். திட்ட இயக்குநர் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். ஏவும் முன்பு கணினி 'நிறுத்து' என்று காட்டியது. வல்லுநர்களைக் கலந்து, அதை மீறி ஏவ முடிவெடுத்தது தான்தான் என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவால் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. செய்தியாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்தவர் யார்? இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். பொறுப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டு, என் குழு அடுத்த ஆண்டுக்குள் சாதிக்கும் என்ற பொருளில் பேசினார். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்று தவான் கலாமை அழைத்து, செய்தியாளர்களிடம் நீங்கள் போய்ப் பேசுங்கள் என்றார்.

இந்தக் கதையை மாணவர்களுக்குத் தலைமைப் பண்பு என்று சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு இது ஆசிரியர்களுக்கான கதையாகவே தெரிகிறது. தவறியபோது முன்னால் நிற்பதும் ஜெயித்தபோது பின்னால் நகர்வதும் வகுப்பறையில் யாருடைய வேலை?

அடுத்து ஏ.எஸ்.எல்.வி. 1987இல் தோல்வி. 1988இல் மறுபடியும் தோல்வி. 1992இல் மூன்றாவது முயற்சியில்தான் கைகூடியது. பி.எஸ்.எல்.வி.யை எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரயான்-1, மங்கள்யான், ஆதித்யா-எல்1 மூன்றையும் சுமந்தது அதுதான். 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனதும் அதுதான். ஆனால் 1993 செப்டம்பர் 20 அன்று அதன் முதல் பயணம் தோல்வி. காரணங்களில் ஒன்று, கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த ஒரு பிழை. அதைக் கண்டுபிடித்துத் திருத்தி, அடுத்த ஆண்டு அக்டோபர் 15 அன்று வெற்றி பெற்றார்கள்.

கிரையோஜெனிக் இயந்திரத்தின் கதை இன்னும் நீளமானது. திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்ஸிஜனையும் கடுங்குளிரில் வைத்து எரிக்கும் இயந்திரம் அது. ரஷ்யாவிடமிருந்து அந்தத் தொழில்நுட்பத்தைப் பெறச் செய்த ஒப்பந்தம் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க எதிர்ப்பால் தடைபட்டது. இயந்திரங்கள் சில வந்தன, செய்முறை வரவில்லை. நாமே செய்ய இறங்கினோம். நம் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில்தான் அந்தச் சோதனைகள் நடந்தன. 2010 ஏப்ரல் 15 அன்று நம் சொந்தக் கிரையோஜெனிக் இயந்திரத்தோடு முதல் பயணம், தோல்வி. 2013 ஆகஸ்டில் இன்னொரு ராக்கெட் ஏவுதளத்தில் தயாராக நின்றது. எரிபொருள் கசிவு தெரிந்ததும், ஏவுவதற்குச் சிறிது நேரம் இருக்கையில் நிறுத்திவிட்டார்கள். 2014 ஜனவரி 5 அன்று வெற்றி. இதில் நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வது, அந்த ஆகஸ்ட் நாளைத்தான். சரியில்லை என்று தெரிந்தால், நாடே பார்த்துக்கொண்டிருந்தாலும் நிறுத்துவதும் ஒரு திறமை.

சரி, என் வகுப்பில் கழற்றப்பட்ட சார்ட்டுக்கு வருவோம். சந்திரயான்-2இல் என்ன நடந்தது? வேகத்தைக் குறைக்கும் இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிக உந்துதலைத் தந்தன. சிறு சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அதைச் சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு வேகத்துக்கு மென்பொருள் இடம் கொடுக்கவில்லை. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். இதையெல்லாம் இஸ்ரோ பின்னர் வெளிப்படையாகவே விளக்கியது.

சந்திரயான்-3இல் என்ன மாற்றினார்கள்? இறங்கும் பரப்பை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். கால்களை வலுவாக்கினார்கள். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்கும்படி செய்தார்கள். ஐந்து இயந்திரங்களில் நடுவிலிருந்ததை எடுத்துவிட்டு நான்காக்கினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். வேகத்தை அளக்க லேசர் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். எது எது தவறலாம் என்று முதலில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி செய்து வைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். பெற்றோரிடம் சொல்லிவிட்டு, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தோம். அன்று பிள்ளைகள் கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துப் பொறியியலுக்குப் போனவர். சந்திரயான்-2 காலத்தில் இஸ்ரோ தலைவராக இருந்த சிவன், தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்தவர். சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, நம் பொள்ளாச்சி அருகே கோதவாடிக்காரர். ஆதித்யா-எல்1இன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். நிலவின் மண்ணைப்போன்ற மண்ணைச் சோதனைக்காகத் தயாரிக்க, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் பாறையைத்தான் எடுத்தார்கள். இவையெல்லாம் பெருமைக்காக மட்டும் அல்ல. 'எங்கேயோ யாரோ செய்வது' என்ற எண்ணம் பிள்ளைகளிடமிருந்து போக வேண்டும்.

இனி வகுப்பறையில் நான் செய்வதைச் சொல்கிறேன். கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவேன். முதல் கட்டம்: என்ன செய்ய முயன்றார்கள்? இரண்டாவது: எங்கே தவறியது? மூன்றாவது: அடுத்த முறை எதை மாற்றினார்கள்? ஒரு குழுவுக்கு ஒரு திட்டம் கொடுத்துவிடுவேன். ஆண்டு மறந்தாலும் பிள்ளைகள் காரணத்தை மறப்பதில்லை. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளம் எதற்கு என்று நிலப்படத்தைக் கொடுத்துக் கேளுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராகத் தெற்கே ஏவினால் வழியில் இலங்கை இருக்கிறது. அதைத் தவிர்க்க ராக்கெட் வளைந்து போக வேண்டும், எரிபொருள் செலவாகும் என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளையே விரல் வைத்துக் காட்டிவிடும்.

பிறகு அதே மூன்று கட்டத்தைத் தேர்வுத்தாளுக்கும் கொண்டுவந்தேன். திருத்திய தாளைக் கொடுத்ததும் ஒவ்வொருவரும் தன் தாளுக்குத் தானே ஆய்வுக்குழு. கவனக்குறைவா, கருத்தே புரியவில்லையா, நேரம் போதவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தேனா என்று எழுத வேண்டும். இதில் நானே ஒரு தவறு செய்தேன். முதல் முறை எல்லோரையும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லிவிட்டேன். குறைந்த மதிப்பெண் வாங்கிய இரண்டு பையன்கள் மறுநாள் பள்ளிக்கே வரவில்லை. அது ஆய்வு அல்ல, தண்டனை என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது அந்தத் தாள் மாணவருக்கும் எனக்கும் மட்டும்தான். இன்னொன்றும் தெரிந்தது: பல தாள்களில் ஒரே இடத்தில் ஒரே தவறு இருந்தால், விழுந்தது மாணவர் அல்ல; என் பாடம். மின்னோட்டவியலில் அப்படி ஒரு பகுதியை மறுபடியும் முதலிலிருந்து நடத்தினேன்.

தோழர்களே, ராக்கெட் விழுந்தால் ஏன் என்று கேட்க நாடு ஒரு குழு அமைக்கிறது. குழந்தை விழுந்தால் நாம் அப்பாவைக் கூட்டி வரச் சொல்கிறோம். இந்த வேறுபாடுதான் என் மனத்தை உறுத்துகிறது.

இதற்கு ஓர் உதாரணத்தோடு முடிக்கப் பார்க்கிறேன். 2022 ஆகஸ்ட் 7. எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டின் முதல் பயணம். அதில் ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோள் இருந்தது. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் அதற்காக உழைத்திருந்தார்கள். ராக்கெட் மேலே போனது. ஆனால் 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதிலாக, ஒரு முனை 76 கிலோமீட்டருக்குத் தாழ்ந்த பாதையில் விட்டுவிட்டது. செயற்கைக்கோள்கள் பயனற்றுப் போயின. இரண்டாம் கட்டம் பிரியும்போது சில கணங்கள் ஏற்பட்ட அதிர்வை, உணரிகள் பழுதடைந்துவிட்டன என்று ராக்கெட்டின் கணினி தவறாக எடுத்துக்கொண்டதே காரணம். 2023 பிப்ரவரி 10 அன்று அடுத்த எஸ்.எஸ்.எல்.வி. கிளம்பியது. அதில் அந்த மாணவிகளுக்காக ஆசாதிசாட்-2 இருந்தது. அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் அல்லவா? அந்த முடிவைத்தான் நான் மைல்கல் என்று எழுதுவேன்.

என் மாணவி 2023 ஏப்ரலில் தனித்தேர்வராகக் கணிதம் எழுதினாள். 43 மதிப்பெண். இதை ராக்கெட் கதை சாதித்தது என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் கணித ஆசிரியர் ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் அம்மா கம்பெனி மேஸ்திரியிடம் பேசி, தேர்வுக்கு முன்னால் பத்து நாள் விடுப்பு வாங்கிக்கொடுத்தார். நான் செய்தது ஒன்றுதான். எங்கே தவறியது என்று அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். வடிவியலும் வரைபடமும் அவளுக்கு வரும். இயற்கணிதத்தில் குறிகளை மாற்றும் இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் வழுக்கியிருந்தாள். பெயில் என்ற ஒரு சொல்லுக்குள் இருந்தது அவ்வளவுதான். இப்போது ஐ.டி.ஐ.யில் படிக்கிறாள்.

பட்டியல் இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது. 2025 ஜனவரி 16 அன்று, விண்ணில் இரண்டு கலங்களை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டினோம். முன்னதாக இரண்டு முறை தேதியைத் தள்ளிவைத்து, நிதானமாகச் செய்தார்கள். ஜூனில் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனார். இடையில் மே 18 அன்று, அவ்வளவு நம்பகமான பி.எஸ்.எல்.வி. மூன்றாம் கட்டத்தில் தவறியது. இந்த ஆகஸ்ட் 23க்கு நம் பிள்ளைகள் தாள் வாசிக்கும்போது, அந்த மே 18ஐயும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். யாராவது ஒரு பிள்ளை, "டீச்சர், அது பெயில் ஆயிடுச்சுங்களா?" என்று கேட்கும்.

"ஆமாம் கண்ணு, வா, ஏன்னு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். 2019இல் நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

அந்தச் சார்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரம் கிழிந்துவிட்டது. பின்புறம் டேப் ஒட்டி, இப்போது எங்கள் ஆய்வகச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.